பழைய வளவு வீட்டில் வைஃபை பிரிண்டர்: நெட்வொர்க்கின் பாதுகாப்பைக் குறைக்காமல் இணைக்க முடியுமா?

கானாடுகாத்தான்_வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பங்காளிக் கணக்கை நான் கவனித்து வருகிறேன். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) முன்பாக ஒவ்வொரு புள்ளிக்கும் (பங்குக் குடும்பத்துக்கும்) வரவு செலவு அறிக்கையும் ரசீதும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்காக, என் தம்பி அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்த வைஃபை பிரிண்டரை இரண்டாம் கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) கணக்கு எழுதும் அறையில் வைத்திருக்கிறோம். சில ஆண்டுகள் பழையது என்றாலும் யூஎஸ்பி கேபிளில் எந்தக் குறையும் இல்லாமல் அச்சிடுகிறது.

சிக்கல் வைஃபையில்தான். அண்மையில் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். புதிய ரவுட்டர் முகப்பில் இருக்கிறது. அதன் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று அமைக்கப்பட்டிருக்கிறது. பிரிண்டரின் திரையில் எங்கள் நெட்வொர்க்கின் பெயர் சில நாட்களில் தெரிகிறது, சில நாட்களில் தெரிவதே இல்லை. பெயர் தெரியும் நாட்களிலும், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்த பிறகு இணைக்க முடியவில்லை என்றே செய்தி வருகிறது. அதே பிரிண்டர் என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டோடு உடனே இணைந்துவிடுகிறது. பிரிண்டரை முகப்புக்கே தூக்கிவந்து ரவுட்டரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதும் நிலை மாறவில்லை.

பழுது பார்க்க வந்த பணியாளர், கடவுச்சொல்லையே எடுத்துவிட்டால் எல்லாம் வேலை செய்யும் என்றார். அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. கணக்குக் கோப்பில் பங்காளிகள் அனைவருடைய தொலைபேசி எண்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் இருக்கின்றன. படைப்பு நாட்களில் வீட்டுக்கு வரும் அத்தனை பேரும் இதே வைஃபையைத்தான் கேட்பார்கள். நெட்வொர்க்கைத் திறந்து போடாமல் இந்தப் பிரிண்டரை இணைக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தேவகோட்டைத்_தம்பி எழுதியது:

ஆச்சி, வணக்கம். கடவுச்சொல்லை எடுக்க நீங்கள் மறுத்தது மிகவும் சரி. ஹாட்ஸ்பாட்டோடு இணைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. பிரிண்டரின் வைஃபை நன்றாக இருக்கிறது. அது ரவுட்டர் கேட்கும் பாதுகாப்பு முறைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிற்கிறது.

டபிள்யூபிஏ3 முறை 2018இல்தான் அறிவிக்கப்பட்டது. வைஃபை சான்று பெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயமானது 2020 ஜூலையிலிருந்து. அதற்கு முன்பு செய்யப்பட்ட பிரிண்டர்களில் மிகப் பெரும்பாலானவை 2004இல் வந்த டபிள்யூபிஏ2 முறையை மட்டுமே அறிந்தவை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் சேர்த்து ஏற்கும் கலப்பு முறை ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிறகு ரவுட்டரில் உள்ள டபிள்யூபிஎஸ் பொத்தானையும் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் இரண்டு நிமிடத்துக்குள் அடுத்தடுத்து அழுத்தினால், கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் வேலையே இல்லாமல் இணைந்துவிடும்.

பள்ளத்தூர்_ஓய்வூதியர் எழுதியது:

தம்பி சொல்வதோடு இன்னும் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்பது என் கருத்து. ஒன்று, நெட்வொர்க்கின் பெயர் வெளியே தெரியாதபடி மறைத்து வைப்பது. மற்றொன்று, நம் வீட்டுக் கருவிகளின் மேக் முகவரிகளை (கருவிக்குக் கருவி வேறுபடும் அடையாள எண்களை) மட்டும் ரவுட்டரில் பதிவு செய்து, மற்றவற்றுக்கு அனுமதி மறுப்பது. எங்கள் வீட்டில் நெடுநாளாக இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

காரைக்குடி_கேபிள்பணி எழுதியது:

ஆச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆச்சியின் வீட்டில் இருப்பது ஒரு சிக்கல் அல்ல, இரண்டு. தம்பி சொன்ன பாதுகாப்பு முறைப் பொருத்தமின்மை அவற்றுள் ஒன்று. டபிள்யூபிஏ3 முறையில், இணைப்பைக் கட்டுப்படுத்தும் செய்திகளையும் பாதுகாக்க வேண்டும் என்பது கட்டாயம்; பழைய பிரிண்டருக்கு அது தெரியாததால் கடவுச்சொல் சரியாக இருந்தும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் சில நாட்களில் பெயரே தெரிவதில்லை என்பதற்கு இது காரணமாக முடியாது. பிரிண்டர் அமெரிக்காவிலிருந்து வந்தது என்ற குறிப்பில்தான் அதற்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டு ரவுட்டர்கள் 1 முதல் 13 வரையிலான சேனல்களை, அதாவது அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளை, பயன்படுத்தும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கருவிகள் பொதுவாக 11ஆம் சேனலோடு நின்றுவிடும். ரவுட்டரில் சேனல் தேர்வு தானியங்கியாக இருந்தால், அது 12க்கோ 13க்கோ மாறும் நாட்களில் அந்தப் பிரிண்டரின் கண்ணுக்கு உங்கள் நெட்வொர்க் இல்லாததுபோலவே இருக்கும். ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை என்பதால் பக்கத்து வீட்டு வைஃபையோடும் மோதல் குறையும்.

அடுத்து, ரவுட்டர் 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் தருகிறதா என்று பாருங்கள். பல பிரிண்டர்கள் 2.4 மட்டுமே அறிந்தவை. கருவிகளை 5 பக்கம் தள்ளிவிட முயலும் ரவுட்டர்களில் அவை தடுமாறும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பது நல்லது. என் பரிந்துரை இதுதான்: 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை டபிள்யூபிஏ3 முறையிலேயே விட்டுவிடுங்கள், கணினியும் கைபேசிகளும் அதில் இருக்கட்டும். 2.4 பெயரை மட்டும் டபிள்யூபிஏ2 முறைக்கு மாற்றி, குறியாக்க வகையில் ஏஇஎஸ் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். கலப்பு முறையில் சில பழைய பிரிண்டர்கள் இணைந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் வேறு சில அதிலும் தடுமாறுகின்றன. டிகேஐபி என்று ஒரு வகையும் பட்டியலில் இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். 1997ஆம் ஆண்டு வைஃபை தரத்தோடு வந்த டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறையின் பலவீனம் 2001லேயே வெளிப்பட்டுவிட்டது. இன்று அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம் என்பதால், யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டபிள்யூபிஏ2 முறையில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கருவி இணையும்போது காற்றில் போகும் செய்தியைப் பிடித்துக்கொண்டு போனவர், தன் இடத்தில் உட்கார்ந்தபடி கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க முடியும். டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைத்துவிடுகிறது. எனவே டபிள்யூபிஏ2 வைத்திருக்கும் பெயருக்குக் கடவுச்சொல் நீளமாக இருந்தே ஆக வேண்டும். 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். 20க்குக் குறையாமல் வையுங்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நம் பக்கத்தில் பலரும் வீட்டு விலாசத்தின் (குடும்பப் பெயர்ச்சுருக்கத்தின்) எழுத்துகளையும் கதவு எண்ணையும் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைத்துவிடுகிறார்கள். விலாசம் ஊருக்கே தெரிந்தது. முகப்பின் மேலேயே எழுதியிருக்கும் வீடுகளும் உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். நினைவிலும் நிற்கும், எவராலும் ஊகிக்கவும் முடியாது. பிரிண்டரின் சிறிய திரையில் சிறப்புக் குறியீடுகளைத் தேடி எடுப்பது பெரும்பாடு என்பதால், அவற்றை விட்டுவிட்டு நீளத்தைக் கூட்டுவதே மேல்.

டபிள்யூபிஎஸ் பற்றித் தம்பி சொன்னதில் பாதியைத்தான் ஏற்க முடியும். பொத்தான் முறையால் ஆபத்து குறைவு. ஆனால் அதோடு கூடவே வரும், பொத்தானுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்து இணைக்கும் 8 இலக்க எண் முறைதான் கவலைக்குரியது. அந்த எண்ணின் முதல் 4 இலக்கங்கள் சரியா என்பதை ரவுட்டர் தனியாகத் தெரிவித்துவிடுகிறது என்றும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது என்றும் 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அதனால் பத்துக் கோடி முயற்சிகள் தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகளே போதும் என்றாகிவிட்டது. பின்னர் வந்த ரவுட்டர்கள் பலவற்றில், தவறான எண்ணைச் சில முறை கொடுத்ததும் பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. இருந்தாலும் பயன்படாத வாசலைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஎஸ்ஸை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் இருக்கும் பெயரில் அது எப்படியும் வேலை செய்யாது. கடவுச்சொல்லைப் பிரிண்டரில் தட்டச்சு செய்வது சிரமமாக இருந்தால், பல நிறுவனங்களின் மென்பொருளில் கணினியோடு யூஎஸ்பி கேபிளால் தற்காலிகமாக இணைத்து வைஃபை விவரங்களை ஏற்றிவிட்டுக் கேபிளை எடுத்துவிடும் வழி உண்டு. ஆச்சியிடம் கேபிள் இருப்பதால் அதுவே எளிது.

பள்ளத்தூர் ஐயா சொன்ன இரண்டு வழிகளும் மரியாதையோடு மறுக்க வேண்டியவை. பெயரை மறைத்தாலும், ஏற்கெனவே இணைந்த கருவிகள் அந்தப் பெயரைச் சொல்லி ரவுட்டரைத் தேடுவதால் அது காற்றில் வெளிப்பட்டுவிடுகிறது. மேக் முகவரியும் குறியாக்கம் செய்யப்படாமலேயே போகிறது. அதைப் பார்த்து நகலெடுத்துக்கொள்வது கடினமான வேலை அல்ல. போதாததற்கு, இன்றைய கைபேசிகள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு மாற்று முகவரியைத் தாமே உருவாக்கிக்கொள்வதால், பட்டியலைப் பராமரிக்கும் பாடு வீட்டாருக்குத்தான். மறைத்த பெயரோடு சில பிரிண்டர்கள் இணையவே இணையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி வீட்டின் அமைப்பு. முகப்பில் இருக்கும் ரவுட்டரின் அலை இரண்டாம் கட்டுக்குப் போக வேண்டுமானால், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனத்த சுவர்களைக் கடக்க வேண்டும். நம் வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் வளவை (நடு முற்றத்தை) தாண்டிப் பின்கட்டு வாசல் வரை நேர்கோட்டில் தெரியுமல்லவா, அந்தக் கோட்டில் அலை தாராளமாகப் போகும். பக்கத்து அறைகளுக்குள் திரும்பும்போதுதான் தேய்ந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் விரைவில் தேயும். பலர் கம்பியில்லா எக்ஸ்டெண்டரை (ரவுட்டரின் அலையை வாங்கி மறுபடி பரப்பும் கருவியை) வாங்கி வைக்கிறார்கள்; பிரிண்டரைத் தேடும் செய்திகளை அவற்றில் சில சரியாகக் கடத்துவதில்லை. முகப்பிலிருந்து ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளை இழுத்து, இரண்டாம் கட்டில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் கருவி) வைப்பதே நிலையான தீர்வு. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எனவே ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டுக்கும் போதும். செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள், செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கம்பியும் அதே பெயரில் விற்கப்படுகிறது. சுவரைத் துளைக்க வேண்டாம், தேக்கு நிலைகளில் ஆணி அடிக்கவும் வேண்டாம். வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் உத்தரங்களுக்கு மேலாகக் கொண்டுபோய்விடலாம். வானம் பார்த்த முற்றத்தின் குறுக்கே மட்டும் இழுக்காதீர்கள், மழையும் இடியும் கருவிகளைக் கெடுத்துவிடும்.

கானாடுகாத்தான்_வளவு எழுதியது:

காரைக்குடி அண்ணனுக்கும் தேவகோட்டைத் தம்பிக்கும் மிக்க நன்றி. அண்ணன் ஊகித்தது சரியாகவே இருந்தது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது 2.4 பகுதி 13ஆம் சேனலில் இருந்தது. அதை 6க்கு மாற்றி, தனிப் பெயர் வைத்து, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறையையும் நீண்ட கடவுச்சொல்லையும் கொடுத்த பிறகு பிரிண்டர் முகப்பில் வைத்து இணைந்தது. இரண்டாம் கட்டுக்குக் கேபிள் இழுக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வேறு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. கைபேசியிலிருந்து அச்சிட முடிகிறது. ஆனால் கணக்கு வைத்திருக்கும் மடிக்கணினியில் பிரிண்டர் தெரியவில்லை, அல்லது தெரிந்தாலும் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. இரண்டாவது, பங்காளிகளுக்கு விருந்தினர் நெட்வொர்க் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். அவர்களில் சிலர் பயணச்சீட்டு அச்சிடக் கேட்பார்கள். அதற்குப் பிரிண்டரை விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்த்துவிடலாமா?

தேவகோட்டைத்_தம்பி எழுதியது:

ஆச்சி, முதல் ஐயத்துக்கு என்னால் விடை சொல்ல முடியும். மடிக்கணினியில் அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால், அது எல்லாத் தொடர்பையும் வெளியே கொண்டுபோய்விடும். பக்கத்து அறைப் பிரிண்டர் அதன் கண்ணில் படாது. அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் கணினி என்றால், வீட்டு நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்று பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் தனியார் நெட்வொர்க் என்று மாற்றினால்தான் பிற கருவிகள் எளிதில் தெரியும். ஆஃப்லைன் என்று காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், மின்சாரம் போய் வந்த பின் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்ணை) கொடுத்துவிடுவதுதான். ரவுட்டரில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை, 192.168.1.50 என்பதுபோல, ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டரின் முகவரி வேறு தொகுதியில் இருந்தால் அதற்கேற்ற எண்ணைத் தேர்ந்துகொள்ளலாம். பிறகு மடிக்கணினியில் அந்த முகவரியைக் கொண்டே பிரிண்டரைப் புதிதாகச் சேருங்கள்.

காரைக்குடி_கேபிள்பணி எழுதியது:

தம்பி சொன்னது முழுவதும் சரி. இரண்டாவது ஐயத்துக்கு என் விடை, சேர்க்க வேண்டாம் என்பதே. விருந்தினர் நெட்வொர்க்கின் பயனே, அதில் உள்ள கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்க முடியாது என்பதில்தான் இருக்கிறது. பல ரவுட்டர்களில் அவை ஒன்றையொன்றுகூடப் பார்க்க முடியாது. எனவே பிரிண்டரை அங்கே வைத்தால் உங்கள் மடிக்கணினியும் அதை இழந்துவிடும். விருந்தினரின் கைபேசிக்கும் அநேகமாகக் கிடைக்காது. அதைச் சரிக்கட்டத் தடுப்பை நீக்கினால், விருந்தினர் நெட்வொர்க் என்று ஒன்று வைத்ததற்கே பொருள் இல்லாமல் போகும். பயணச்சீட்டை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி நீங்களே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். படைப்பு முடிந்து எல்லோரும் ஊருக்குப் புறப்பட்டதும் விருந்தினர் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், அல்லது அந்தப் பெயரையே அணைத்துவிடுங்கள்.

பிரிண்டரிலும் பார்க்க வேண்டியவை உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிரிண்டரும் ஒரு சிறிய கணினியே. உலாவியில் அதன் ஐபி முகவரியைக் கொடுத்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். முதலில் நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து வைஃபை டைரக்ட் என்ற வசதியைப் பாருங்கள். இது பிரிண்டர் தானே ஒரு தனி நெட்வொர்க்கை ஒலிபரப்புவது. சில பிரிண்டர்களில் அதன் கடவுச்சொல் 12345678 என்றே வருகிறது. ரவுட்டரில் எவ்வளவு காவல் வைத்தாலும், இந்தப் பெயர் வழியாகத் தெருவில் நிற்பவர் பிரிண்டரின் பக்கத்தைத் திறந்துவிடலாம். பயன்படுத்தவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பிரிண்டருக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து வெளியூரிலிருந்து அச்சிடும் வசதி இருந்தால், அதையும் தேவையில்லாமல் திறந்து வைக்காதீர்கள். ரவுட்டரில் 9100, 631 ஆகிய போர்ட்டுகளை (அச்சுக் கோரிக்கைகள் வரும் வழிகளை) வெளி இணையத்துக்குத் திறந்துவிடும்படி யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். யூபிஎன்பி என்ற வசதி கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடுவது, அதையும் நிறுத்தலாம்.

நம் வீடுகள் ஆண்டில் பல மாதம் பூட்டியே கிடப்பவை. அந்தக் காலத்தில் ரவுட்டர், பிரிண்டர் இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவதே நல்லது. மறுபடியும் வீட்டைத் திறக்கும்போது, விருந்தினர் வருவதற்கு முன்பாக இரண்டின் ஃபர்ம்வேரையும் (கருவிக்குள் இருக்கும் மென்பொருளையும்) புதுப்பித்துவிடுங்கள். பூட்டியிருந்த காலத்தில் வெளிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குப் பிறகுதான் உங்கள் கருவிகளுக்குள் வரும். தொடர்பில்லாததாகத் தோன்றினாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அமெரிக்காவில் வாங்கிய கருவி என்பதால், பிரிண்டரின் பின்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா, அல்லது 110 அல்லது 120 என்று மட்டும் இருக்கிறதா? பின்னது என்றால், இதுவரை எந்த மாற்றியின் வழியாக ஓட்டிவருகிறீர்களோ அதைக் கழற்றவே கூடாது.

கானாடுகாத்தான்_வளவு எழுதியது:

அண்ணன், 100–240 என்றே அச்சிட்டிருக்கிறது. மடிக்கணினியில் விபிஎன்னை நிறுத்தியதும் பிரிண்டர் தெரிந்தது, முகவரியையும் ஒதுக்கிவிட்டேன். நீங்கள் சொன்ன வைஃபை டைரக்ட் பெயர் உண்மையிலேயே ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது, அதை அணைத்தாகிவிட்டது. இரண்டாம் கட்டில் வைக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் முகப்பு ரவுட்டரின் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கலாமா, வேறு வைக்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி_கேபிள்பணி எழுதியது:

அதே பெயர், அதே கடவுச்சொல், அதே பாதுகாப்பு முறை. சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். முகப்பில் 6 என்றால் இரண்டாம் கட்டில் 1 அல்லது 11 வையுங்கள். ஆக்சஸ் பாயிண்டாக ஒரு பழைய ரவுட்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால், அதன் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, முகப்பு ரவுட்டருக்கு இல்லாத ஒரு ஐபி முகவரியை அதற்குக் கொடுத்து, கேபிளை அதன் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். வேன் (வெளி இணையத்துக்கான) துளையில் செருகினால் அதற்குப் பின்னால் இன்னொரு தனி நெட்வொர்க் உருவாகி, முகப்பில் இருக்கும் கைபேசிகளுக்குப் பிரிண்டர் தெரியாமல் போய்விடும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம் ஆச்சி: பழைய ரவுட்டரிலும் டபிள்யூபிஎஸ் இருக்கும், அதையும் நிறுத்துங்கள். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் முறையே இல்லாத அளவுக்கு அது பழையது என்றால், அதை வைக்காமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுவதே நல்லது.